ஆளில்லாமல் வாசித்த பியானோவும் பாட்டாவின் கேசட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். தமிழில் எப்படி டைப் செய்வது? பிரிண்டர் ஏன் அசையவே மாட்டேன் என்கிறது? போனில் இருக்கும் போட்டோக்களை எப்படி ஏற்றுவது? பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் எங்கள் மண்டைக்காட்டில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஒரு பையன் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்ட கேள்வி, என்னை ஒரு நாள் முழுவதும் யோசிக்க வைத்துவிட்டது.

அவன் கையில் ஒரு பழைய கேசட் இருந்தது. "அண்ணே, இதுல எங்க பாட்டா பாடின வில்லுப்பாட்டு இருக்கு. இப்பம் ஏ.ஐ. எல்லாம் வந்துட்டுல்லா? பாட்டா குரல்லயே புதுசா ரெண்டு பாட்டு பாட வைக்க முடியுமாண்ணே? சித்திரையில எங்க கோயில் கொடைக்கு மைக்கில போடணும்" என்றான்.

பாட்டா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கல்ஃபிலிருந்து யாரோ கொண்டுவந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில், ஒரு கொடை விழா இரவில் பதிவு செய்த கேசட் அது. குடும்பத்திடம் அவர் குரலாக மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

'முடியும்' என்று சொல்ல வாய் வந்துவிட்டது. இன்றைய சாஃப்ட்வேர்களைக் கொண்டு ஓரளவுக்கு முடியவும் செய்யும். ஆனாலும் "ஒரு நாள் டைம் குடு மக்கா" என்று சொல்லி அனுப்பினேன். முடியுமா என்பது ஒரு கேள்வி. செய்யலாமா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு கேசட் இருக்கலாம் என்பதால், இது உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

ஆளில்லாத மேடை

முதலில் ஒரு அமெரிக்கக் கதை. ஆர்ட் டேட்டம் என்று ஒரு ஜாஸ் பியானோ மேதை. 1909-ல் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே கண்பார்வை மிகக் குறைவு. அவர் வாசிக்கும் வேகத்தைக் கேட்டால் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது போலத் தோன்றும். 1956 நவம்பரில் காலமானார்.

அவருடைய புகழ்பெற்ற இசைத்தட்டு ஒன்று 1968-ல் வெளியானது. 'பியானோ ஸ்டார்ட்ஸ் ஹியர்' என்று பெயர். அதில் 1933-ல் ஸ்டுடியோவில் பதிவான 4 உருப்படிகளும், 1949-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஷ்ரைன் அரங்கக் கச்சேரியில் பதிவான 9 உருப்படிகளும் இருந்தன. வாசிப்பு அற்புதம். ஆனால் ஒலி? அந்தக் காலத்து மைக், அந்தக் காலத்துத் தட்டு. பழைய கிராமபோன் ரெக்கார்டு கேட்டவர்களுக்கு அந்தக் கரகரப்பு தெரியும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜென்ஃப் ஸ்டுடியோஸ் என்று ஒரு நிறுவனம். ஜான் வாக்கர் என்பவர் தொடங்கியது. அவர்கள் அந்தப் பழைய ஒலியைக் கழுவித் துடைக்க முயலவில்லை. வேறு ஒன்று செய்தார்கள். பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டேட்டம் எந்த நொடியில் எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார், காலால் பெடலை எவ்வளவு மிதித்தார் என்று ஒவ்வொன்றையும் எண்களாக மாற்றினார்கள். அந்த எண்களை, கம்ப்யூட்டர் சொன்னபடி தானே வாசிக்கும் யமஹா டிஸ்க்ளேவியர் பியானோவுக்குக் கொடுத்தார்கள்.

2007 செப்டம்பரில் அதே ஷ்ரைன் அரங்கில் அந்தப் பியானோவை வைத்து, ஆட்களையும் உட்கார வைத்து, வாசிக்கச் செய்து, புதிதாக ரெக்கார்டு செய்தார்கள். பியானோ முன்னால் யாரும் இல்லை. கட்டைகள் தானாக ஏறி இறங்கின. 1949-ல் கேட்ட வாசிப்பு 58 வருடங்களுக்குப் பிறகு, கரகரப்பே இல்லாமல், ஸ்டீரியோவில் கேட்டது! 2008-ல் அது சிடியாகவும் வந்தது. அதற்கு முந்திய வருடம், கிளென் கூல்ட் என்ற கனடா நாட்டுப் பியானோ கலைஞர் 1955-ல் செய்த புகழ்பெற்ற பதிவு ஒன்றையும் இதே முறையில் வெளியிட்டிருந்தார்கள்.

பியானோவில் ஏன் முடிந்தது?

புதிதாகக் கம்ப்யூட்டருக்கு வந்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இசையை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, ஒலியையே வைப்பது. வேவ், எம்பி3 ஃபைல்கள் அந்த வகை. மற்றொன்று, ஒலி இல்லாமல் அதற்கான கட்டளையை மட்டும் வைப்பது. மிடி என்பது அந்த வகை. 1983-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. சாம்பார் வேறு, சாம்பார் செய்யும் குறிப்பு வேறு அல்லவா? வேவ் ஃபைல் சாம்பார். மிடி ஃபைல் குறிப்பு.

பியானோவில் 88 கட்டைகள். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் போய்க் கம்பியை அடிக்கிறது. அடித்து முடித்த பிறகு அந்த ஒலியை வாசிப்பவரால் வளைக்க முடியாது. கட்டையை விடலாம், பெடலை மிதிக்கலாம், அவ்வளவுதான். அதனால் எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம், பெடல் எப்படி என்று எழுதிவிட்டால் வாசிப்பு அநேகமாக முழுவதும் குறிப்புக்குள் அடங்கிவிடும். சாதாரண மிடியில் அழுத்தத்துக்கு 128 நிலைகள் உண்டு. ஜென்ஃப் பயன்படுத்தியது அதைவிட மிக நுட்பமான அளவு.

இதைப் படித்தபோது எனக்கு உடனே டி.என்.ராஜரத்தினம் பிள்ளை ஞாபகம் வந்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி. 1898-ல் பிறந்து, 1956 டிசம்பரில் மறைந்தவர். டேட்டம் போன அதே வருடம், அடுத்த மாதம்! அவருடைய தோடியும் கிராமபோன் தட்டுகளில்தான் நமக்குக் கிடைத்தது. தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம். அவரையும் இப்படி மறுபடி வாசிக்க வைக்க முடியுமா?

இந்த வழியில் முடியாது. தோடியில் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காது. அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் தோடி. நாதஸ்வரத்தில் மூச்சும், சீவாளியைப் பிடிக்கும் உதடும், துளையைப் பாதி மூடித் திறக்கும் விரலும் சேர்ந்து, ஒலி பிறந்த பிறகும் அதை வளைத்துக்கொண்டே போகின்றன. இதற்குக் 'கட்டை எண் இத்தனை' என்று எழுத இடமில்லை. கமகம் வராது என்பதற்காகவே ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டு, பல ஆண்டுகள் வைத்திருந்தது. கட்டை உள்ள கருவிக்கும் நம் பாட்டுக்கும் உள்ள இடைவெளி அப்படி. குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது நம்மூரில் நடப்பது

குரலை எண்ணாக எழுத முடியாது என்றால் ஏ.ஐ. எப்படிப் பாட வைக்கிறது? அது போகும் வழியே வேறு. ஒருவர் பாடிய பல பதிவுகளைக் கொடுத்து, அவர் குரலின் சாயலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறார்கள். பிறகு வேறு ஒருவர் புதுப் பாட்டைப் பாடுகிறார். அந்தப் பாட்டின் மேல் பழைய குரலின் சாயலை ஏற்றுகிறார்கள். பாடியது ஒருவர், கேட்பது இன்னொருவர் குரல்.

தமிழ் சினிமாவில் இது 2024-ல் பெரிய பேச்சானது. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், 2022-ல் மறைந்த பம்பா பாக்யா, 1990களில் மறைந்த சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர்.ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கியதாகவும், அவர்களுக்கு உரிய சன்மானம் அனுப்பியதாகவும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு 'கோட்' படத்தின் 'சின்ன சின்ன கண்கள்' பாட்டில், ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல் வந்தது. இசை, அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டில், 2011-ல் மறைந்த மலேசியா வாசுதேவன் குரல் வந்தது. அந்தப் பாட்டில் அவர் மகன் யுகேந்திரனும் பாடியிருந்தார்.

மறுபக்கமும் அதே ஆண்டில்தான். எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பரில் மறைந்தார். ஒரு தெலுங்குப் படத்தில் குடும்பத்தைக் கேட்காமல் ஏ.ஐ. மூலம் அவர் குரலை உண்டாக்கிவிட்டார்கள் என்று, மகன் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். 2024 ஜூலையில், பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலை அனுமதி இல்லாமல் ஏ.ஐ. கருவிகளில் பயன்படுத்தக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

ஆக, ஒரே டெக்னாலஜி. ஒரு வீட்டில் ஆறுதல், இன்னொரு வீட்டில் நோட்டீஸ்!

மூன்றும் ஒன்றல்ல

இதைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றையும் 'பழைய குரலை உயிர்ப்பிப்பது' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். என் கருத்தில் இதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, துலக்குவது. ஏற்கெனவே பாடியதை, படிந்த அழுக்கு நீக்கிக் கேட்க வைப்பது. பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' பாட்டு இதற்கு நல்ல உதாரணம். ஜான் லெனன் 1970களில் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பதிவு செய்தது. அவர் 1980-ல் கொல்லப்பட்டார். கேசட்டை 1994-ல் அவர் மனைவி யோகோ ஓனோ மற்றவர்களிடம் கொடுத்தார். குரலையும் பியானோவையும் பிரிக்க முடியாததால் 1995-ல் அந்தப் பாட்டைக் கைவிட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, பீட்டர் ஜாக்சன் குழுவினர் உருவாக்கிய சாஃப்ட்வேர் இரண்டையும் பிரித்துக் கொடுத்தது. 2023 நவம்பரில் பாட்டு வெளியானது. ஏ.ஐ. என்ற சொல்லைக் கேட்டுப் பலர் பயந்தார்கள். ஆனால் அதில் கேட்பது லெனன் பாடிய குரலேதான்.

இரண்டாவது, மறுபடி வாசிக்க வைப்பது. ஜென்ஃப் செய்தது. வாசிப்பு அவருடையது, ஒலி புதியது.

மூன்றாவது, பாடாததைப் பாட வைப்பது. சாயல் மட்டும் அவருடையது. எந்த இடத்தில் மூச்சு விடுவது, எந்த வார்த்தையை அழுத்துவது என்று முடிவு செய்தது வேறு ஒருவர்.

முதல் வேலையை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். இரண்டாவதை, 'இது மறுவாசிப்பு' என்று எழுதி ஒட்டிவிட்டுச் செய்யலாம். மூன்றாவதுதான் யோசிக்க வேண்டியது. சினிமாவில் அனுமதி, சன்மானம், கீழே பெயர் என்று ஒரு முறையாவது உருவாகி வருகிறது. வீட்டில்? புது லேப்டாப், ஒரு கேசட், ஒரு ராத்திரி. கேட்க ஆளில்லை!

'இதில் என்ன தப்பு? அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டுடியோக்காரர், குரூப் போட்டோவிலிருந்து தாத்தா தலையை மட்டும் எடுத்து, கோட்டு போட்டு, கலர் தீட்டி, பெரிதாக்கித் தரவில்லையா? வாழ்நாளில் கோட்டே போடாதவர் கோட்டுடன் நம் வீட்டுச் சுவரில் தொங்கவில்லையா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படம் பேசாது. கோட்டு பொய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குரல் அப்படி இல்லை. பத்து வருடம் கழித்து அந்த ஃபைலைக் கேட்கும் பிள்ளைக்கு எது பாட்டா பாடியது, எது கம்ப்யூட்டர் பாடியது என்று எப்படித் தெரியும்? பொய் உண்மையோடு ஒட்டிக்கொண்டால், கடைசியில் உண்மையான கேசட்டின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

வில்லுப்பாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. அது ஒருவர் மட்டும் பாடுவதல்ல. வீசுகோலால் வில்லை அடித்துப் புலவர் ஒரு வரி சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போட வேண்டும். குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் அவர் வேகத்தைப் பார்த்து ஓட வேண்டும். எதிரே இருக்கும் ஜனத்தைப் பார்த்துக் கதை நீளும், சுருங்கும். நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனார். அவர் சென்னைக்கு அழைத்துச் சென்ற சுப்பு ஆறுமுகம், 2022-ல் மறையும் வரை அதை வளர்த்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர்கள் எல்லோரும் முன்னோர் பாடியதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, தங்கள் குரலில் பாடியவர்கள். முன்னோரின் குரலைப் போட்டுக்கொண்டு பாடியவர்கள் அல்ல. கொடைக்குக் கம்ப்யூட்டரே பாடிவிட்டால், அன்றைக்கு வில் கட்ட வரும் குழுவுக்கு என்ன வேலை?

நான் செய்த தப்பு

இவ்வளவு சொல்கிறேனே, நான் யோக்கியனா என்றால், இல்லை. பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். என் அம்மா பிள்ளைகளுக்குக் கதை சொல்வதை யாரோ விளையாட்டாகப் பதிவு செய்தது. 'ஸ்ஸ்' என்ற சத்தம் பிடிக்காமல், நாய்ஸ் ரிடக்‌ஷனை முழு அளவுக்குத் திருப்பினேன். சத்தம் சுத்தமாகப் போனது. அம்மா தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆனாள். அன்றைக்கு அது எனக்குப் பெரிய சாதனையாகப் பட்டது. அதே ஃபைலின் மேலேயே சேவ் செய்தேன். எம்பி3 ஆக்கினேன். 'கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே' என்று கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டேன்.

இன்று இருக்கும் சாஃப்ட்வேர்கள் அந்தக் கேசட்டை எவ்வளவோ அழகாகத் துலக்கித் தரும். ஆனால் துலக்குவதற்குக் கேசட் இல்லை. என்னிடம் இருப்பது தண்ணீருக்குள் பேசும் அம்மா மட்டும்தான். ஏ.ஐ.யைக் கொண்டு அம்மா குரலை 'சரி' செய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதில் வருவது அம்மாவாக இருக்காது, அம்மா மாதிரி இருக்கும். எனக்கு மாதிரி வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன். குரலை உண்டாக்குவது இருக்கட்டும். முதலில் இருப்பதைக் காப்பாற்றுங்கள்!

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற

1. கேசட்டின் பின்புறம் இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். இனி தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது.

2. கடற்கரை ஊர்களில் ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்து நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். அப்படி இருந்தால் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நன்றாக இருந்தால், ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள்.

3. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிள் ஒன்றை டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் லைன்-இன் துளையில் மாட்டுங்கள். வெளிர் நீல நிறத்தில் இருக்கும். ரோஸ் நிறம் மைக்குக்கு உரியது, அதில் மாட்டினால் ஒலி கொரகொரக்கும். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன்-இன் இருக்காது. லைன்-இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். மீட்டரின் முள் உச்சத்தைத் தொடக் கூடாது. மைனஸ் 6 டெசிபல் அருகே நின்றால் நல்லது.

5. முதலில் வேவ் ஃபைலாக சேவ் செய்யுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். 60 நிமிடக் கேசட்டுக்குச் சுமார் 600 எம்பி. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இடம் போதவில்லை என்றால் ஃபிளாக் ஃபைலாக வையுங்கள், ஒலி குறையாமல் அளவு குறையும். போனில் அனுப்ப மட்டும் எம்பி3.

6. அந்த முதல் ஃபைலை இனித் தொடவே கூடாது. பெயரிலேயே 'அசல்' என்று எழுதுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம், யார் பதிவு செய்தது என்று ஒரு சின்ன குறிப்பு எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள்.

7. ஒரு காப்பி எடுத்து அதில் மட்டும் துலக்குங்கள். பேச்சு இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள இரண்டு மூன்று விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போய், 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கொடுங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து அதே இடத்துக்குப் போய் அளவைக் கொடுங்கள். 6 டெசிபலில் தொடங்குங்கள். சத்தம் முழுவதும் போக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். என் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. ஒரு காப்பி கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். கேசட்டை எறிய வேண்டாம்.

9. முகம் தெரியாத இணையதளங்களில் வீட்டார் குரலை ஏற்றாதீர்கள். சில விநாடிப் பதிவை வைத்தே குரலைப் போலி செய்து, போனில் பணம் கேட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டி கேட்டது

மறுநாள் பையன் வந்தான். இரண்டு பேருமாக உட்கார்ந்து கேசட்டை ஏற்றினோம். நடுவில் சுமார் இரண்டு நிமிடம் பூஞ்சையில் போய்விட்டிருந்தது. மீதியில் பாட்டாவின் குரல் கணீரென்று இருந்தது. ஒரு இடத்தில் பாட்டு நின்று, இருமல் சத்தம். பிறகு யாரையோ பார்த்து, "ஏல, கொஞ்சம் சுக்குவெள்ளம் கொண்டா" என்கிறார். பின்னால் சிரிப்பு.

"அண்ணே, அந்த இருமலையும் பேச்சையும் வெட்டிருவோம். போன ரெண்டு நிமிசத்த ஏ.ஐ. வச்சு நிரப்பிருவோம்" என்றான் பையன்.

"ரெண்டும் இருக்கட்டும். முதல்ல பாட்டிய கூட்டிட்டு வா" என்றேன்.

பாட்டி வந்து கேட்டார். பாட்டு ஓடும்போது பேசாமல் இருந்தார். சுக்குவெள்ளம் வந்த இடத்தில்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத இன்னொருக்க போடு மக்கா. நாந்தான் அன்னைக்கு வச்சுக் குடுத்தேன்" என்றார். அதை நான்கு முறை போட்டோம்.

கிளென் கூல்ட் பியானோ வாசிக்கும்போது கூடவே முனகுவார். 1955 பதிவில் அது கேட்கும். ஜென்ஃப் உண்டாக்கிய மறுவாசிப்பில் கட்டைகள் எல்லாம் இருக்கின்றன, அந்த முனகல் இல்லை. சிலருக்கு அது நிம்மதி. சிலருக்கு அந்த முனகல் இல்லாமல் கூல்டே இல்லை. கம்ப்யூட்டருக்கு அது சத்தம். நமக்கு அதுதான் ஆள்.

பையன் அதற்குப் பிறகு இருமலை வெட்டச் சொல்லவில்லை. போன இரண்டு நிமிடத்தையும் அப்படியே விட்டோம். இரைச்சலைக் கொஞ்சம் குறைத்தோம், அவ்வளவுதான். சித்திரைக் கொடையன்று, வில்லுப்பாட்டுக் குழு மேடையேறும் முன்னால் பாட்டாவின் பதிவில் பதினைந்து நிமிடம் மைக்கில் போட்டார்கள். 'இது பழைய கேசட் பதிவு' என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். பையன் எழுதிய புதுப் பாட்டு இரண்டையும் அவன் சித்தப்பா பாடினார். பாட்டா அளவுக்குக் குரல் இல்லை. ஒரு இடத்தில் தாளம் தப்பியது. பக்கத்தில் இருந்தவர்கள் 'ஆமா' போட்டுச் சமாளித்தார்கள். அதையும் பையன் லேப்டாப்பில் பதிவு செய்துவிட்டான்.

நீங்கள் வாங்கியிருக்கும் கம்ப்யூட்டர், போனவரைப் போலப் பாடும். அதைவிட முக்கியமாக, இருப்பவர் பாடுவதை அழியாமல் வைத்துக்கொள்ளும். இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து பாருங்கள். கேசட் இருந்தால் ஏற்றுங்கள். கேசட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களிடம் சொல்லிவிட்டு, ரெக்கார்டு பட்டனை அழுத்துங்கள். இருமினால் நிறுத்தாதீர்கள்!